எழுத்து அழிந்த வால்வுகள்: பழைய ஆடியோ ஆசிலேட்டரில் எது எந்த வால்வு என்று கண்டறிவது எப்படி?

கேள்வி: செம்புக்கம்பி

அனைவருக்கும் வணக்கம். ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் கழித்துக்கட்டிய சாமான்களோடு வால்வில் (ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழல்) இயங்கும் ஆடியோ ஆசிலேட்டர் (சோதனைக்கான ஓசை அலை தரும் கருவி) ஒன்று சென்ற மாதம் என் கைக்கு வந்து சேர்ந்தது. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் துளைகள் மட்டுமே மிஞ்சியுள்ளன. முகப்பில் 20 முதல் 20,000 வரை மூன்று வரம்புகளில் அதிர்வெண் குறிக்கப்பட்டிருக்கிறது. ஹெர்ட்ஸ் என்று இல்லாமல் சைக்கிள் என்றே எழுதியிருப்பதால் 1960களுக்கோ அதற்கு முன்போ செய்யப்பட்டிருக்கலாம் என்று கருதுகிறேன். ட்ரான்ஸ்ஃபார்மரில் 200, 230, 250 வோல்ட் என்று மூன்று இணைப்புகள் உள்ளன. சர்க்யூட் படமோ கையேடோ கிடைக்கவில்லை.

உள்ளே ஆறு வால்வுகள் இருந்தன. நான்கு ஒன்பது கால் வால்வுகள். இரண்டு ஏழு கால் வால்வுகள். எதன் கண்ணாடியிலும் ஓர் எழுத்துகூட இல்லை. யாரோ ஒருவர் முன்பே அவற்றைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார். ஏழு கால் வால்வுகளில் ஒன்றின் கண்ணாடி உட்புறமாகக் கறுத்து, பாதரசம் பூசியதுபோல மின்னுகிறது. அது கெட்டுவிட்டது என்று எண்ணித் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். இவை தவிர, பென்சில் கனத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குழல், சாக்கெட் எதுவும் இல்லாமல், இரண்டு கம்பிகளால் நேரடியாகச் சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது. அதனுள் மயிரிழை போன்ற இரு கம்பிகளுக்கு நடுவே கடுகைவிடச் சிறிய கறுப்பு மணி ஒன்று தெரிகிறது.

மின்னோட்டத்தை மட்டுப்படுத்தச் சீரிஸ் பல்பு போட்டுச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தேன். புகையோ வாடையோ இல்லை. ஓசை அலையும் வருகிறது. ஆனால் வெளியீட்டுக் குமிழை முழுவதும் திருப்பினாலும் முகப்பு மீட்டரின் முள் கால்பங்கைத் தாண்டவில்லை. வால்வுகளைக் கழற்றும்போது வரிசை மாறாமலிருக்க முட்டை அட்டையின் குழிகளில் 1 முதல் 6 வரை எண் எழுதி அந்தந்த இடத்தில் வைத்தேன். சேசிஸிலும் (கருவியின் உலோகச் சட்டம்) அதே எண்களை எழுதியிருக்கிறேன். என்னிடம் வால்வு டெஸ்டர் இல்லை. ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டரும், தனியே 6.3 வோல்ட் தரும் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரும் உள்ளன. பெயர் தெரிந்தால்தானே மாற்று வால்வு தேட முடியும்? எங்கிருந்து தொடங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பேக்கலைட்

வணக்கம் நண்பரே. முட்டை அட்டையில் எண்ணிட்டு வைத்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலோர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொட்டிவிட்டுப் பிறகு கேள்வி கேட்பார்கள்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் உள்ளன. இந்தச் சாக்கெட்டில் எந்த வால்வு இருக்க வேண்டும் என்பது ஒன்று. இப்போது எந்த வால்வு இருக்கிறது என்பது மற்றொன்று. ஐம்பது அறுபது ஆண்டுகளில் பலர் கைப்பட்ட கருவியில் இவ்விரண்டுக்கும் ஒரே விடை வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் கேள்விக்குச் சாக்கெட்டும், இரண்டாவதற்குக் கண்ணாடியும் விடை சொல்லும். சாக்கெட் பொய் சொல்லாது என்பதால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெரிய மின்தேக்கிகளில் மின்னழுத்தம் எஞ்சியிருக்கிறதா என்று மீட்டரால் பார்த்து, இருந்தால் ஒரு மின்தடை வழியாக அதை வடித்துவிட்ட பிறகே உள்ளே விரலை நீட்டுங்கள். சேசிஸைக் கவிழ்த்து வைத்து, சாக்கெட்டின் அடிப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கால்களுக்கிடையே உள்ள அகன்ற இடைவெளியை அடுத்து, கடிகார முள் செல்லும் திசையில் 1, 2, 3 என்று எண்ண வேண்டும். மேற்பக்கத்திலிருந்து எண்ணினால் எல்லாமே தலைகீழாகிவிடும். இதில் தவறாதவர் யாரும் இல்லை.

முதலில் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) கம்பிகளைத் தேடுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து முறுக்கிய இணையாகச் சாக்கெட்டுக்குச் சாக்கெட் ஓடும் தடித்த கம்பிகள் அவை. ஒன்பது கால் வால்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஹீட்டர் 4, 5 ஆகிய கால்களிலும், ஏழு கால் வால்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு 3, 4 ஆகிய கால்களிலும் இருக்கும். ஒன்பது கால் சாக்கெட் ஒன்றில் 4-உம் 5-உம் ஒன்றாக இணைக்கப்பட்டு, ஹீட்டர் கம்பியின் மறுமுனை 9-ஆம் காலுக்குச் சென்றால், அது இசிசி81, இசிசி82, இசிசி83 என்ற இரட்டை ட்ரையோடு (ஒரே குழலில் இரண்டு மும்முனை வால்வுகள்) குடும்பத்துக்கான சாக்கெட் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். (அமெரிக்கப் பெயர்கள் முறையே 12ஏடி7, 12ஏயூ7, 12ஏஎக்ஸ்7.) இவற்றின் ஹீட்டர் நடுவில் பிரித்து 9-ஆம் காலுக்குக் கொண்டுவரப்பட்டிருப்பதால், 12.6 வோல்ட்டில் 0.15 ஆம்பியராகவும் 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியராகவும் இரு வகையில் இயக்கலாம். 4, 5 கால்களுக்குக் குறுக்கே 6.3 வோல்ட் கொடுக்கப்பட்டு 9-ஆம் கால் சேசிஸுக்குச் சென்றால் அது இசிசி88, இசிசி85 போன்ற வேறு கூட்டம். மற்ற கால்களெல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் இங்கே ஏமாறுவது எளிது. முதல் வகைச் சாக்கெட்டில் இசிசி88-ஐச் செருகினால் 4-உம் 5-உம் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அது எரியவே எரியாது. இரண்டாம் வகைச் சாக்கெட்டில் இசிசி83-ஐச் செருகினால் பாதி மின்னழுத்தமே கிடைத்து மங்கலாக எரியும். கருவி அரைகுறையாக வேலை செய்துகொண்டே ஆளை அலைக்கழிக்கும்.

மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையரைக் காண்பது சுலபம். ட்ரான்ஸ்ஃபார்மரின் உயர் மின்னழுத்தச் சுற்றின் இரு முனைகளும் 1, 7 கால்களுக்கு வந்து, 3-ஆம் கால் பெரிய மின்தேக்கிக்குச் சென்றால் அது இஇசட்80 அல்லது இஇசட்81. இரண்டுக்கும் ஒரே கால் அமைப்புதான். முன்னதன் ஹீட்டர் 0.6 ஆம்பியரும் பின்னதன் ஹீட்டர் 1 ஆம்பியரும் எடுக்கும். ஏழு கால் சாக்கெட் ஒன்றுக்கு ஹீட்டர் கம்பியே வராமல், 1-உம் 5-உம் ஒரு மின்தடை வழியாக உயர் மின்னழுத்தத்தையும், 2, 4, 7 ஆகியவற்றில் ஒன்றாவது சேசிஸையும் தொட்டிருந்தால் அது மின்னழுத்தத்தை மாறாமல் நிறுத்தும், வாயு நிரப்பிய ஸ்டெபிலைசர். இதன் உள்ளிணைப்புகளைச் சில வடிவமைப்பாளர்கள் தந்திரமாகப் பயன்படுத்துவார்கள்: சுமைக்குச் செல்லும் மின்சாரத்தை அந்த வால்வின் இரண்டு கால்கள் வழியாகவே அனுப்பியிருப்பதால், வால்வைக் கழற்றினால் சுமை துண்டிக்கப்பட்டுவிடும்.

சாக்கெட்டுகளைப் படித்த பிறகு, கழற்றி வைத்த ஒவ்வொரு வால்விலும் ஹீட்டரின் குளிர்ந்த நிலை மின்தடையை அளந்து எழுதுங்கள். டங்ஸ்டன் கம்பியின் மின்தடை சூடேறும்போது பல மடங்கு உயரும் என்பதால், குளிர்ந்த நிலையில் கிடைக்கும் அளவு, எரியும் நிலையில் இருக்க வேண்டியதன் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்காக இருக்கும். எடுத்துக்காட்டாக, 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் எடுக்கும் ஹீட்டர் எரியும்போது 21 ஓம். குளிர்ந்திருக்கும்போது ஏறத்தாழ 3 முதல் 3.5 ஓம். மீட்டர் கம்பிகளின் சொந்த மின்தடையைக் கழிக்க மறக்க வேண்டாம். 1 ஓம் அளக்கும்போது கம்பியின் 0.3 ஓம் பெரிய பிழை. இரண்டு கால்களுக்கிடையே சுத்தமாகப் பூஜ்யம் வந்தால் அது ஹீட்டர் அல்ல, உள்ளேயே இணைக்கப்பட்ட இரட்டைக் கால்கள்.

முழுமையாகத் தெரியும்வரை உங்கள் 6.3 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரை எந்த வால்விலும் இணைக்காதீர்கள். மீட்டரே போதும்.

பதில் 2: மீடியம்வேவ்

பேக்கலைட் அவர்கள் கடைசியாகச் சொன்ன எச்சரிக்கைக்கு நானே சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன் எழுத்து அழிந்த ஏழு கால் வால்வு ஒன்றில் 1, 7 கால்களுக்கிடையே தொடர்ச்சி கிடைத்தது. சற்றும் யோசிக்காமல் 6.3 வோல்ட் கொடுத்துவிட்டேன். ஒரு கணம் வெள்ளையாக மின்னியது, அவ்வளவுதான். அது பேட்டரி ரேடியோவுக்கான 1.4 வோல்ட் வால்வு. ஏழு கால் வால்வில் இழை 1, 7 கால்களில் கிடைத்தால் ‘டி’ எழுத்தில் தொடங்கும் பேட்டரி வகையாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். பெயரின் முதல் எழுத்தே ஹீட்டரைச் சொல்வது ஐரோப்பிய முறை: ‘இ’ என்றால் 6.3 வோல்ட், ‘டி’ என்றால் 1.4 வோல்ட், ‘பி’ என்றால் 0.3 ஆம்பியர் தொடர் இணைப்பு, ‘யூ’ என்றால் 0.1 ஆம்பியர் தொடர் இணைப்பு.

கண்ணாடியைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். எழுத்து அழிந்துவிட்டதாகத் தோன்றினாலும் மை இருந்த இடத்தில் கண்ணாடியின் மேற்பரப்பு சற்றே வேறுபட்டிருக்கும். வால்வை ஃபிரிட்ஜின் குளிர்ப்பெட்டியில் கால் மணி நேரம் வைத்து எடுத்து, அதன் மீது மெல்ல வாயால் ஊதினால், பனி படியும்போது எழுத்துகள் சில நொடிகள் தெரிந்து மறையும். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மற்றொரு வழி கேட்கச் சிரிப்பாக இருக்கும்: எண்ணெய் தேய்த்த தலைமுடியில் வால்வை இரண்டு முறை மெல்ல உருட்டி எடுத்துப் பார்ப்பது. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இதைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் வைக்கும் ஊரில் இது இன்னும் நன்றாகவே பலிக்கிறது. ஸ்பிரிட், தின்னர், ஈரத் துணி ஆகியவற்றை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள்.

மையில் அச்சிட்ட பெயர் போனாலும், கண்ணாடியின் அடியோரத்தில், கால்களுக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஒரு குறியீடு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். முல்லார்டு, பிலிப்ஸ் குழுமத் தொழிற்சாலைகள் 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகு இரண்டு வரிகளில் இதைப் பொறித்தன. மேல்வரி வால்வின் வகையைச் சொல்லும்; ‘ஐ6’ என்று தொடங்கினால் இசிசி83, சிறிய ‘ஆர்’ எழுத்தும் பெரிய ‘எக்ஸ்’ எழுத்தும் சேர்ந்திருந்தால் இஎல்84. கீழ்வரியில் முதல் எழுத்து தொழிற்சாலை, அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதையடுத்த எழுத்து மாதம், கடைசி இலக்கம் அம்மாதத்தின் வாரம். ‘பி6எஃப்2’ என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலை, 6-இல் முடியும் ஆண்டு, ஜூன் மாதம், இரண்டாம் வாரம். 1956-ஆ 1966-ஆ என்பதைக் கருவியின் வயதை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க வால்வுகளில் வேறு வழக்கம். அங்கே எண்வரிசையின் முதல் மூன்று இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும். 274 என்றால் ஆர்சிஏ, 312 என்றால் சில்வேனியா, 188 என்றால் ஜெனரல் எலக்ட்ரிக், 322 என்றால் டங்-சோல்.

பிரிட்டிஷ் கருவியானால் ‘சிவி’ என்று தொடங்கும் ராணுவ எண் மட்டும் மிஞ்சியிருக்கவும் வாய்ப்புண்டு. சிவி140 என்பது இபி91. சிவி492 என்பது இசிசி83. சிவி4004 என்பது அதே இசிசி83-இன் தேர்ந்த தரம்.

செம்புக்கம்பி

இருவருக்கும் நன்றி. மூன்று மாலை நேரங்கள் செலவாயின. கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

சாக்கெட் 1 (ஒன்பது கால்): ஹீட்டர் 4, 5. 2-உம் 7-உம் சேசிஸில். 3-உம் 8-உம் ஒன்றாக இணைந்து ஒரு மின்தடை வழியாகச் சேசிஸுக்கு. அதே புள்ளிக்கு அந்தக் கறுப்பு மணிக் குழலின் ஒரு முனையும் வருகிறது. 6-இல் ஆனோடு (எலக்ட்ரான்களை வாங்கும் தகடு) மின்தடை. 1-இல் ஒரு பெரிய மின்தடையும் சேசிஸுக்கு ஒரு மின்தேக்கியும். 9-ஆம் கால் அதிர்வெண் மாற்றும் சுவிட்சுக்கும் டியூனிங் கெப்பாசிட்டருக்கும் செல்கிறது. வால்வு 1-இன் ஹீட்டர் 5.1 ஓம்.

சாக்கெட் 2 (ஒன்பது கால்): 4-உம் 5-உம் இணைந்தவை, மறுமுனை 9. வால்வில் 4–5 இடையே 12.8 ஓம், 4–9 இடையே 6.4 ஓம்.

சாக்கெட் 3 (ஒன்பது கால்): 2-ஆம் காலுக்கு முந்தைய நிலையிலிருந்து ஒரு மின்தேக்கி, 3-இலிருந்து சேசிஸுக்கு 150 ஓம், 7 வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு, 9 நேராக உயர் மின்னழுத்தத்துக்கு. ஹீட்டர் 1.4 ஓம். இந்த வால்வின் அடியோரத்தில் லென்ஸ் வழியாகச் சிறிய ‘ஆர்’, பெரிய ‘எக்ஸ்’ தெரிந்தன. கீழ்வரி படிக்க முடியவில்லை.

சாக்கெட் 4 (ஏழு கால்): 3, 4 ஹீட்டர், 6 சேசிஸில், 1, 2, 5, 7 ஆகியவை முகப்பு மீட்டர் சுற்றுக்கு. ஹீட்டர் 3.4 ஓம்.

சாக்கெட் 5 (ஒன்பது கால்): பேக்கலைட் அவர்கள் சொன்ன ரெக்டிஃபையர் அமைப்பு, எழுத்துக்கு எழுத்து அப்படியே. ஹீட்டர் 1.1 ஓம்.

சாக்கெட் 6 (ஏழு கால்): ஹீட்டர் கம்பி இல்லை. கெட்டுவிட்டதாக நான் நினைத்த கறுத்த வால்வு இருந்த இடம் இதுதான். வால்வில் 1–5 இடையே பூஜ்யம். 2, 4, 7 இடையே பூஜ்யம். வேறு எங்கும் தொடர்ச்சி இல்லை.

கறுப்பு மணிக் குழலை அளக்க முயன்றேன். நாலாயிரம் ஓமுக்கு மேல் காட்டிய மீட்டர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிக்கொண்டே போனது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று பயந்து எடுத்துவிட்டேன். பனி முறையையும் முயன்றேன். இரண்டாம் வால்வில் ஒரு வட்டத்தின் பாதியும் ஒரு ‘சி’ எழுத்தும் மட்டும் வந்து போயின. தலைமுடி முறைக்கு எனக்குப் போதிய முடி இல்லை.

பதில் 3: பேக்கலைட்

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். இந்த அளவுக்குத் தகவல் கிடைத்துவிட்டால் மீதி வேலை கூட்டிக் கழிப்பதுதான்.

முதல் வால்வு இஎஃப்86. 9-இல் முதல் கிரிட் (எலக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை), 1-இல் ஸ்கிரீன் (இரண்டாம் கிரிட்), 6-இல் ஆனோடு, 3-உம் 8-உம் கேத்தோடும் (எலக்ட்ரான்களை உமிழும் முனை) மூன்றாம் கிரிடும், 2-உம் 7-உம் உள்ளே இருக்கும் தடுப்புக் கவசம். 0.2 ஆம்பியர் ஹீட்டர் எரியும்போது 31.5 ஓம், உங்கள் 5.1 ஓம் அதனோடு நன்றாகப் பொருந்துகிறது. இதே கால்களும் இதே ஹீட்டரும் கொண்ட இஎஃப்83 என்று ஒன்று உண்டு. ஆனால் அது உருப்பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் வகையாதலால், சுத்தமான அலை தர வேண்டிய ஆசிலேட்டரில் யாரும் அதை வைத்திருக்க மாட்டார்கள். வால்வைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: உள்ளுறுப்புகள் எதுவும் தெரியாதபடி ஒரு உலோக வலையோ தகடோ சுற்றிலும் மூடியிருக்கும்.

மூன்றாவது இஎல்84. 0.76 ஆம்பியர் எடுக்கும் ஹீட்டருக்கு 1.4 ஓம் சரி; பொறிப்பும் அதையே சொல்கிறது. பொறிப்பு இல்லாதிருந்தால் இஎல்86 என்ற இரட்டைப்பிறவியையும் நினைக்க வேண்டியிருந்திருக்கும். அதற்கும் இதே ஹீட்டர்தான். ஆனால் குறைந்த மின்னழுத்தத்துக்கான அதன் ஸ்கிரீனை இப்படி நேராக 250 வோல்ட் வரிசையில் கட்ட மாட்டார்கள். நான்காவது இபி91, அதாவது 6ஏஎல்5. இரண்டு தனித்தனி டையோடுகள், நடுவே 6-ஆம் காலில் ஒரு கவசம். ஐந்தாவது, 1.1 ஓம் என்பதால், இஇசட்81.

ஆறாவதைத் தூக்கி எறியவில்லையே? அது 85ஏ2 ஆக இருக்கலாம் என்று அந்தக் கறுப்பைப் பற்றிப் படித்தபோதே தோன்றியது. அந்த வகை ஸ்டெபிலைசரின் உள்ளே மாலிப்டினத்தைத் தெறிக்கவிட்டுக் கண்ணாடியிலும் கேத்தோடிலும் படிய வைப்பது தயாரிப்பு முறையிலேயே உள்ளது. மின்னழுத்தம் ஆண்டுக்கணக்கில் நகராமலிருப்பதற்காகச் செய்வது. பிறக்கும்போதே கறுப்பாகப் பிறந்த வால்வு அது. ஆயினும் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். 0ஏ2, 0பி2, 85ஏ2 மூன்றுக்கும் கால்கள் ஒன்றே. கருவியை ஓட்டி, வால்வு ஒளிரும்போது 1-ஆம் காலில் சேசிஸுக்கு எதிராக அளந்தால் முறையே 150, 108, 85 வோல்ட் வரும். ஒளி தெரிய அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கண்ணாடிக் குழல் வால்வே அல்ல. அது வெற்றிடக் குழலில் அடைத்த தெர்மிஸ்டர். ஆசிலேட்டரின் அலை வீச்சு ஏறினால் அதன் வழியே செல்லும் மின்னோட்டம் மணியைச் சூடாக்கும்; மின்தடை இறங்கி எதிர்ப் பின்னூட்டத்தை மிகுதியாக்கும்; வீச்சு தானாக அடங்கும். வில்லியம் ஹியூலெட் இதே வேலையை ஒரு சாதாரண இழை பல்பை வைத்துச் செய்தார். 1939-இல் ஹியூலெட்-பேக்கார்டின் முதல் கருவியான 200ஏ ஆசிலேட்டர் அப்படித்தான் பிறந்தது. பல்பின் மின்தடை சூட்டில் ஏறும், தெர்மிஸ்டரின் மின்தடை இறங்கும். ஆகவே பல்பு கேத்தோடுக்கும் சேசிஸுக்கும் இடையிலும், தெர்மிஸ்டர் வெளியீட்டிலிருந்து கேத்தோடுக்கு வரும் பாதையிலும் இருக்கும். உங்கள் கருவியில் இரண்டாவது அமைப்பு. மீட்டர் அளவு இறங்கிக்கொண்டே போனதற்கும் இதுவே காரணம்: மீட்டரின் சிறு மின்னோட்டமே மணியைச் சூடாக்கிவிட்டது. மீண்டும் மீண்டும் அளக்காதீர்கள். சில மில்லிவாட்டுக்கு மேல் தாங்காத, மாற்றுக் கிடைக்காத பொருள் அது.

இரண்டாவது வால்வு மட்டும் நிற்கிறது. இசிசி81, 82, 83 மூன்றுக்கும் ஹீட்டர் ஒன்று, கால்கள் ஒன்று. குளிர்ந்த நிலை மின்தடை இங்கே எதையும் பிரித்துக் காட்டாது. கண்ணால் பார்த்துத் தகட்டின் நீளத்தை வைத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே தொழிற்சாலை இசிசி83-ஐயே 17 மில்லிமீட்டர் தகட்டிலும் 14 மில்லிமீட்டர் தகட்டிலும் செய்திருக்கும்போது, அந்தச் சோதிடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லா வால்வுகளையும் இடத்தில் செருகி, சீரிஸ் பல்போடு ஓட்டி, ஐந்து நிமிடம் சூடேறிய பின் சாக்கெட் 2-இல் 1, 3, 6, 8 கால்களின் மின்னழுத்தத்தையும், மின்இணைப்பை எடுத்த பின் அந்தக் கால்களிலுள்ள மின்தடைகளின் மதிப்பையும் தாருங்கள். ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும்.

செம்புக்கம்பி

ஸ்டெபிலைசரில் 85 வோல்ட். இருட்டில் கறுப்புக்கு இடையே ஒரு கீற்றாக ஒளி தெரிந்தது. குப்பைக்குப் போகவிருந்த வால்வு!

சாக்கெட் 2: இந்தப் பகுதிக்கு வரும் மின்னழுத்தம் 250 வோல்ட். முதல் பாதியில் ஆனோடு மின்தடை 100 கிலோ ஓம், கேத்தோடு மின்தடை 1.5 கிலோ ஓம், அதற்குக் குறுக்கே ஒரு மின்தேக்கி. 1-ஆம் காலில் 77 வோல்ட், 3-ஆம் காலில் 2.6 வோல்ட். இரண்டாம் பாதியில் ஆனோடு நேராக 250 வோல்ட்டில், வெளியீடு கேத்தோடிலிருந்து.

பதில் 4: பேக்கலைட்

உங்கள் மீட்டர் முள் ஏன் கால்பங்கில் நிற்கிறது என்பதும் இதில் வந்துவிட்டது.

1.5 கிலோ ஓமுக்குக் குறுக்கே 2.6 வோல்ட் என்றால் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மில்லியாம்பியர், 100 கிலோ ஓமில் 173 வோல்ட் இறங்கி மீதி 77. கணக்கு ஒத்துப்போவதால் மின்தடைகள் நலமாக உள்ளன. ஐம்பது ஆண்டுப் பழைய கார்பன் மின்தடைகளில் இதை முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது. இப்போது தயாரிப்பாளர் அட்டவணையைப் பாருங்கள். 250 வோல்ட், 100 கிலோ ஓம், 1.5 கிலோ ஓம் என்ற இதே மூன்று மதிப்புகளும் இசிசி83-க்கான வழக்கமான அமைப்பு; அதில் அந்த வால்வு எடுக்க வேண்டியது 0.86 மில்லியாம்பியர், ஆனோடில் இருக்க வேண்டியது ஏறத்தாழ 164 வோல்ட், கேத்தோடில் 1.3 வோல்ட். உங்கள் வால்வு அதைப்போல இரண்டு மடங்கு இழுக்கிறது. இசிசி82-இன் உருப்பெருக்க எண் 17, இசிசி83-இன் எண் 100. கேத்தோடில் எழும் அதே மின்னழுத்தம் குறைந்த உருப்பெருக்க எண் உள்ள வால்வை அந்த அளவுக்கு அடக்காது. அதனால்தான் அது தாராளமாக இழுக்கிறது. இசிசி82-க்கு நான் போட்ட மனக்கணக்கு 1.8 மில்லியாம்பியர். இசிசி81 என்றால் 1.2-க்கு அருகே நின்றிருக்கும், கேத்தோடில் 1.8 வோல்ட் வந்திருக்கும்.

ஆக, அந்தச் சாக்கெட்டில் இருக்க வேண்டியது இசிசி83, இருப்பது இசிசி82. முன்னது இந்தச் சுற்றில் 54 மடங்கு பெருக்கும், பின்னது 15 மடங்கு. விகிதம் ஏறத்தாழ மூன்றரை. உங்கள் முள் கால்பங்கைத் தாண்டாததற்கு இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை. யாரோ ஒருவர் கைக்குக் கிடைத்ததைச் செருகி, எரிகிறது என்று கண்டதும் மூடிவிட்டிருக்கிறார். கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தவரும் அவரேயாக இருக்கலாம் என்பது என் ஊகம், நிரூபிக்க முடியாது.

பதில் 5: மீடியம்வேவ்

இசிசி83 தேடும்போது வெளிநாட்டுப் பெயர்களுக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த இசிசி83 பழைய சரக்காக இன்னும் கிடைக்கிறது. அளக்கும் கருவிக்கு அது தாராளமாகப் போதும். வாங்கும்போது உச்சியிலுள்ள கெட்டர் பூச்சு (எஞ்சிய வாயுவை உறிஞ்சும் பூச்சு) வெள்ளியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

டெக்ட்ரானிக்ஸ் ஆசிலாஸ்கோப்பில் இதே வேலையைச் செய்ய நேரிட்டால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்கள் சில இடங்களுக்கு வால்வுகளைச் சோதித்துப் பொறுக்கி, தங்கள் சொந்தப் பொருளெண்ணை இட்டு வைத்தார்கள்; 157 என்று தொடங்கும் எண் அத்தகைய பொறுக்கிய வால்வைக் குறிக்கும். அங்கே வகையைச் சரியாகக் கண்டுபிடித்துப் புதிது வாங்கிப் போட்டாலும் படம் நேராக வராமல் போகலாம். உங்கள் ஆசிலேட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

செம்புக்கம்பி

பழைய டேப் ரெக்கார்டர் பலகை ஒன்றிலிருந்து இசிசி83 கிடைத்தது. செருகிச் சூடேறியதும் 1-ஆம் காலில் 161 வோல்ட், 3-ஆம் காலில் 1.3 வோல்ட். குமிழை முக்கால் பங்கு திருப்பும்போதே மீட்டர் முள் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டது. 1,000 சைக்கிளில் அலை வடிவம் ஆசிலாஸ்கோப்பில் சீராக இருக்கிறது. அதிர்வெண் வரம்பை மாற்றும்போது அலை ஒரு நொடி ஊசலாடிவிட்டுப் பிறகு நிலைப்படுவதைப் பார்த்தேன். அந்தக் கறுப்பு மணி வேலை செய்வது அதுதான் என்று இப்போது புரிகிறது.

ஒவ்வொரு சாக்கெட்டின் அருகிலும் பெயரைப் பென்சிலால் சேசிஸின் மேலேயே எழுதிவிட்டேன். கழற்றிய இசிசி82 நல்ல நிலையில் முட்டை அட்டையின் இரண்டாம் குழியில் இருக்கிறது. இம்முறை பெயர் எழுதிய காகிதத்தை நூலால் கட்டி வைத்திருக்கிறேன். வால்வு வோல்ட் மீட்டர் பழுது பார்ப்பவர் யாருக்கேனும் தேவைப்பட்டால் தெரிவியுங்கள், அனுப்பி வைக்கிறேன்.